நீதிமன்றப் பதிவுகளை நாமும் பார்க்கலாமா? எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது?

வீட்டைப் புதுப்பிக்க ஒரு குத்தகை நிறுவனத்தைப் பேசி முடித்தாயிற்று. முன்பணம் 15,000 வெள்ளி. பணத்தை அனுப்பப் போகும் நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா கேட்கிறார்: "அந்த ஆள் மேல கேஸ் ஏதோ இருக்காமே? கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்."

சிங்கப்பூரில் நீதிமன்ற ஆவணங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதனால் வீட்டில் ஆங்கிலமும் தமிழும் சரளமாகத் தெரிந்த இளையரிடம்தான் இந்த வேலை வந்து சேரும். வழக்கு இருக்கிறதா என்று பார்ப்பது, தீர்ப்பைத் தேடிப் படிப்பது, தாத்தாவுக்கு வந்த நீதிமன்றக் கடிதம் உண்மையா என்று சரிபார்ப்பது... எல்லாம் உங்கள் தலையில்.

எவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்? எவற்றுக்கு அனுமதி வேண்டும்? எவற்றைப் பார்க்கவே முடியாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கதவு திறந்திருக்கும், கோப்பு திறந்திருக்காது

நீதிமன்ற விசாரணை பொதுவாக எல்லாருக்கும் திறந்தது. வழக்கில் சம்பந்தமே இல்லாதவரும் உள்ளே சென்று பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீதி மூடிய அறைக்குள் நடக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை.

"அப்படின்னா எல்லா ஆவணத்தையும் பார்க்கலாம்தானே?" என்று கேட்டால், அதுதான் இல்லை.

விசாரணை வேறு, வழக்குக் கோப்பு வேறு. கோப்பில் வங்கிக் கணக்கு விவரம் இருக்கலாம், மருத்துவ அறிக்கை இருக்கலாம், குடும்பச் சண்டையின் உள்விவரங்கள் இருக்கலாம். அதனால் நீதிமன்றப் பதிவுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதல் வகை, யாரும் பார்க்கக்கூடியவை. விசாரணைப் பட்டியலும் வெளியிடப்பட்ட தீர்ப்புகளும் இதில் சேரும்.

இரண்டாவது வகை, கேட்டுப் பெற வேண்டியவை. வழக்கில் தாக்கல் செய்யப்பட்ட ஆவணங்கள், விசாரணைக் குறிப்புகள் முதலியவை. வழக்கின் தரப்பினருக்கு இவை எளிதாகக் கிடைக்கும். மற்றவர்கள் காரணம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும்.

மூன்றாவது வகை, பொதுமக்களுக்குத் திறக்கப்படாதவை. குடும்ப வழக்குகள், இளையர் வழக்குகள், சில நடுவர் மன்ற விசாரணைகள் இதில் வரும்.

முதல் கேள்வி: எந்த நீதிமன்றம்?

தேடுவதற்கு முன், வழக்கு எங்கே இருக்கக்கூடும் என்று யோசியுங்கள். தவறான இடத்தில் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று முடிவுகட்டுவோர் அதிகம்.

சிவில் வழக்குகளில் பணத்தின் அளவு வழிகாட்டும். 60,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். அதற்கு மேல் 250,000 வெள்ளி வரை மாவட்ட நீதிமன்றம். சாலை விபத்து இழப்பீட்டு வழக்கு என்றால் மாவட்ட நீதிமன்றத்தின் வரம்பு 500,000 வெள்ளி. அதையும் தாண்டினால் உயர் நீதிமன்றம்.

குற்றவியல் வழக்குகளில் பெரும்பாலானவை அரசு நீதிமன்றங்களில் நடக்கின்றன. மரண தண்டனை விதிக்கப்படக்கூடியவை போன்ற மிகக் கடுமையான குற்றங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்.

அரசு நீதிமன்றங்கள் ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கின்றன. 2014ஆம் ஆண்டு வரை அவற்றுக்குச் சார்பு நீதிமன்றங்கள் என்று பெயர். பழைய ஆவணங்களில் அந்தப் பெயர் வந்தால் குழம்ப வேண்டாம்.

உச்ச நீதிமன்றம் என்பது மேல்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் சேர்ந்தது. 2021 ஜனவரி 2ஆம் தேதி முதல் உயர் நீதிமன்றத்துக்குள் பொதுப் பிரிவு, மேல்முறையீட்டுப் பிரிவு என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன.

விவாகரத்து, பிள்ளைகளின் பராமரிப்பு, உயில் தொடர்பானவை குடும்ப நீதிமன்றங்களுக்குப் போகும். முஸ்லிம் தம்பதியரின் விவாகரத்து ஷரியா நீதிமன்றத்தில் நடக்கும். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் மணமுறிவு ஆவணத்தை அங்குதான் கேட்க வேண்டும்.

இலவசமாகப் பார்க்கக்கூடியவை

விசாரணைப் பட்டியல்

சிங்கப்பூர் நீதிமன்றங்களின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் விசாரணைப் பட்டியல் இருக்கிறது. எந்த வழக்கு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அறையில் என்று அதில் பார்க்கலாம். பெயரைக் கொண்டும் தேடலாம். கட்டணம் இல்லை.

ஆனால் அது வரவிருக்கும் விசாரணைகளின் பட்டியல். முடிந்துபோன வழக்குகளின் வரலாறு அதில் இல்லை. அடுத்த விசாரணைக்கு இன்னும் பல வாரம் இருந்தால் இன்று தேடும்போது பெயர் வராமல் போகலாம். "பட்டியலில் பெயர் இல்லை" என்பதற்கு "வழக்கே இல்லை" என்று பொருள் அல்ல.

தீர்ப்புகள்

எழுத்துபூர்வத் தீர்ப்புகளை நீதிமன்ற இணையத்தளம் வழியாக இ-லிட்டிகேஷன் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். சிங்கப்பூர்ச் சட்டக் கழகம் நடத்தும் சிங்கப்பூர் லா வாட்ச் தளத்திலும் தீர்ப்புகள் கிடைக்கின்றன. லாநெட் என்பது சந்தா கட்டிப் பயன்படுத்தும் தளம். பெரும்பாலும் வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் அதைப் பயன்படுத்துவார்கள். உங்களுக்கு இலவசத் தளமே போதும்.

பெயர் தெரியாவிட்டால் பொருளைச் சொல்லித் தேடுங்கள். தைப்பூசம் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள். தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் வாசிக்க விதிக்கப்பட்ட கட்டுப்பாடு குறித்து உயர் நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பைக் கண்டுபிடிக்கலாம். மனுதாரர்கள் என்ன வாதிட்டார்கள், அரசாங்கத் தரப்பு என்ன சொன்னது, நீதிபதி மனுவை ஏன் தள்ளுபடி செய்தார் என்று முழுவதையும் படிக்கலாம். வருடா வருடம் காப்பிக்கடையில் பேசப்படும் விவகாரத்தில் இரு தரப்பு வாதங்களும் ஒரே இடத்தில் இருப்பது எவ்வளவு பேருக்குத் தெரியும்?

தீர்ப்புக்கு மேலே இருக்கும் எழுத்துகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது ஒரு முகவரி, அவ்வளவுதான். முதலில் ஆண்டு. அடுத்து நீதிமன்றத்தின் சுருக்கம். கடைசியில் அந்த ஆண்டில் அது எத்தனையாவது தீர்ப்பு என்ற எண்.

சுருக்கத்தின் முதல் இரண்டு எழுத்துகள் எஸ்.ஜி. அது சிங்கப்பூரைக் குறிக்கும். அதன்பின் சி.ஏ. என்று வந்தால் மேல்முறையீட்டு நீதிமன்றம். எச்.சி. என்றால் உயர் நீதிமன்றம். டி.சி. என்றால் மாவட்ட நீதிமன்றம். எம்.சி. என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். எஃப்.சி. என்றால் குடும்ப நீதிமன்றம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். எல்லா வழக்குக்கும் எழுத்துபூர்வத் தீர்ப்பு வெளிவராது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அன்றே தண்டனை பெறும் பல வழக்குகளில் நீண்ட தீர்ப்பு எழுதப்படுவதில்லை. யாராவது மேல்முறையீடு செய்யும்போதுதான் நீதிபதி காரணங்களை விரிவாக எழுதுவது வழக்கம். எனவே செய்தியில் வந்த வழக்குக்குத் தீர்ப்பு கிடைக்கவில்லை என்றால் யாரோ மறைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பழைய வழக்குகள்

கொள்ளுத்தாத்தா காலத்து வழக்கைத் தேடுகிறீர்களா? தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தொடங்குங்கள். அந்தக் காலச் செய்தித்தாள்கள் நீதிமன்றச் செய்திகளை விரிவாகப் போட்டன. தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே மின்னிலக்க வடிவில் இருக்கின்றன. செய்தியில் தேதியும் பெயரும் கிடைத்துவிட்டால் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்பது எளிது.

தமிழ்ப் பெயரைத் தேடும்போது...

நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துமுறை கிடையாது. சண்முகம் என்ற பெயரை நான்கைந்து விதமாக எழுதுவார்கள். ழகரம் வரும் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு எழுத்து மாறினாலும் தேடலில் பெயர் வராமல் போகலாம். அதனால் ஒரே பெயரைப் பல எழுத்துமுறைகளில் தேடிப் பாருங்கள். தந்தை பெயரை மட்டும் தட்டிப் பார்ப்பதும் சில நேரம் கைகொடுக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே பெயரில் பலர் இருப்பது. பட்டியலில் பெயர் இருக்கும், அடையாள அட்டை எண் இருக்காது. இன்னாரின் மகன் என்று குறிக்கும் எஸ்/ஓ, மகள் என்று குறிக்கும் டி/ஓ ஆகியவற்றுக்குப் பின்னால் இருக்கும் தந்தை பெயரையும் கட்டாயம் ஒப்பிடுங்கள். அதுவும் பொருந்தினாலும் அவர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வயது, தொழில், நிறுவனம், சம்பவம் நடந்த இடம் போன்ற வேறு விவரங்களும் பொருந்த வேண்டும்.

பெயர் ஒன்றாக இருந்ததற்காக ஒருவருடைய வேலையோ கல்யாணப் பேச்சோ நின்றுபோனால், அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது?

கோப்பைக் கேட்டுப் பெறுவது எப்படி?

நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ வழக்கில் ஒரு தரப்பு என்றால்

முதலில் வழக்கு எண்ணைக் கண்டுபிடியுங்கள். நீதிமன்றத்திலிருந்து வந்த எந்தக் கடிதத்திலும் அது மேல்பகுதியில் இருக்கும். எண்ணின் தொடக்கத்தில் இருக்கும் எழுத்துகள் எந்த நீதிமன்றம், எந்த வகை வழக்கு என்று சொல்லிவிடும். கடைசியில் வழக்கு தொடங்கிய ஆண்டு இருக்கும்.

அடுத்து, எந்த ஆவணம் வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். "கேஸ் பேப்பர் எல்லாம் வேணும்" என்று கேட்டால் நேரமும் பணமும் வீணாகும். வீட்டு உரிமை மாற்றம், மறுமணம் போன்றவற்றுக்குக் கேட்கப்படுவது பெரும்பாலும் விவாகரத்தின் இறுதித் தீர்ப்புச் சான்றிதழ்தான். வேறு சில இடங்களில் நீதிமன்ற உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகலைக் கேட்பார்கள். யார் கேட்கிறார்களோ அவர்களிடமே ஆவணத்தின் சரியான ஆங்கிலப் பெயரை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பிறகு நீதிமன்ற இணையத்தளத்தில் அந்த வகை வழக்குக்கு உரிய பக்கத்துக்குச் செல்லுங்கள். சிவில் வழக்கு ஆவணங்கள் இ-லிட்டிகேஷன் முறையில் இருக்கும். சிறு கோரிக்கை, சம்பளக் கோரிக்கை, அண்டைவீட்டார் தகராறு ஆகியவற்றுக்குத் தனி இணைய முறை உண்டு. சிங்பாஸ் மூலம் அதில் நுழையலாம். நகலுக்குக் கட்டணம் உண்டு. எந்த ஆவணம், எத்தனை பக்கம் என்பதைப் பொறுத்து அது மாறும். விண்ணப்பிக்கும் முன்னர் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. குற்றவியல் வழக்கில் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்வதாக இருந்தால், அதற்கான அறிவிப்பைத் தீர்ப்பு வந்த 14 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "முதல்ல பேப்பர் எல்லாம் கைக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். அறிவிப்பைக் கொடுத்த பிறகுதான் விசாரணைப் பதிவு தயாராகும். வரிசையை மாற்றிக்கொண்டால் வாய்ப்பே கைநழுவிப் போகலாம்.

நீங்கள் வழக்கில் சம்பந்தப்படாதவர் என்றால்

சிவில் வழக்குகளின் அடிப்படை விவரங்களைக் கட்டணம் செலுத்தித் தேட வழி உண்டு. ஒருவர்மீதோ நிறுவனத்தின்மீதோ வழக்கு தொடரப்பட்டிருக்கிறதா, எப்போது, எந்த நீதிமன்றத்தில் என்று அதில் தெரியும். வழக்கறிஞர் நிறுவனங்கள் இதை அன்றாடம் செய்கின்றன. நீதிமன்ற ஆவணங்களைத் தாக்கல் செய்ய உதவும் சேவை அலுவலகத்தை நாடியும் செய்யலாம்.

கோப்புக்குள் இருக்கும் ஆவணத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நீதிமன்றத்தின் அனுமதி தேவை. விண்ணப்பத்தில் நான்கு விஷயங்களைத் தெளிவாக எழுதுங்கள்:

1. நீங்கள் யார், வழக்கோடு உங்களுக்கு என்ன தொடர்பு
2. வழக்கு எண்ணும் தரப்பினரின் பெயர்களும்
3. எந்த ஆவணம் வேண்டும்
4. ஏன் வேண்டும், அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்

நான்காவதுதான் முக்கியம். "சும்மா தெரிஞ்சுக்கலாம்னு" என்பது காரணம் ஆகாது. "அதே குத்தகையாளரிடம் நானும் பணம் இழந்திருக்கிறேன், என் வழக்குக்கு இந்த ஆவணம் தேவை" என்பது காரணம். ஆய்வுக்காகக் கேட்கும் மாணவர் என்றால் ஆய்வின் தலைப்பையும் பள்ளியின் பெயரையும் சொல்லுங்கள். அனுமதி கிடைத்தால், சொன்ன காரியத்துக்கு மட்டுமே அந்த ஆவணத்தைப் பயன்படுத்துங்கள்.

குற்றவியல் வழக்கிலும் அப்படித்தான். பாதிக்கப்பட்டவருக்குக் கேட்க நியாயமான காரணம் உண்டு. காப்புறுதி இழப்பீடு, சிவில் வழக்கு போன்றவற்றுக்கு அவருக்கு அந்த ஆவணம் தேவைப்படும். வெளியாள் என்றால் காரணத்தை விளக்க வேண்டும்.

குடும்பத்தில் ஒருவர் எதிர்பாராமல் இறந்து, மரண விசாரணை நடந்தால் அதன் முடிவைக் கேட்கவும் குடும்பத்தாருக்கு வழி உண்டு. இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்று கண்டறிவதே மரண விசாரணையின் வேலை. யார் குற்றவாளி, யார் இழப்பீடு தர வேண்டும் என்று அது தீர்ப்புச் சொல்லாது. துக்கத்தில் இருக்கும் குடும்பம் அதை எதிர்பார்த்து ஏமாறக் கூடாது.

எவ்வளவு தேடினாலும் கிடைக்காதவை

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்ற விசாரணை தனிப்பட்ட முறையில் நடக்கும். 20,000 வெள்ளி வரையிலான தகராறுகளை அது விசாரிக்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை போகலாம். அங்கே வழக்கறிஞர்கள் வாதாட முடியாது, பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கவும் முடியாது. சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றமும் அப்படியே.

குடும்ப வழக்குகளில் தீர்ப்பு வெளிவந்தாலும் பெயர்கள் இருக்காது. பெயருக்குப் பதிலாக மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும். அது பிள்ளைகளைப் பாதுகாக்கத்தான். இந்தக் குடும்பம் யாராக இருக்கும் என்று துப்பறிய முயலாதீர்கள்.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்களின் அடையாளத்தையும் வழக்கில் சம்பந்தப்பட்ட சிறுவர்களின் அடையாளத்தையும் வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. சில வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரைக்கூட வெளியிட முடியாது. அவர் யாரென்று தெரிந்தால் பாதிக்கப்பட்டவரும் யாரென்று தெரிந்துவிடும் என்பதே காரணம். செய்தியில் பெயர் இல்லாதபோது "யாரோ பெரிய இடத்துப் பிள்ளை போல" என்று கருத்து எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உயில் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. உயில் பதிவகத்தில் உயிலின் நகல் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உயில் எழுதப்பட்டிருக்கிறது, அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பன போன்ற தகவல்கள் மட்டுமே அங்கே பதிவாகும்.

சரி, அந்த 15,000 வெள்ளி?

மாமாவின் கேள்விக்குப் பதில் தேட எங்கிருந்து தொடங்கலாம்?

- நிறுவனத்தின் சரியான பதிவுப் பெயரையும் பதிவு எண்ணையும் பிஸ்ஃபைல் தளத்தில் உறுதிசெய்யுங்கள். கடைப் பலகையில் இருக்கும் பெயரும் பதிவுப் பெயரும் வேறாக இருக்கலாம்.
- அந்தப் பெயரை விசாரணைப் பட்டியலிலும் தீர்ப்புகளிலும் தேடுங்கள். இயக்குநரின் பெயரையும் தேடுங்கள்.
- இயக்குநர் நொடித்துப்போனவரா, நிறுவனம் கலைக்கப்படுகிறதா என்று சட்ட அமைச்சின் நொடிப்புநிலைத் தேடல் சேவையில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.
- சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கிலும் ஒன்றும் வரவில்லை என்றால்? நல்லதுதான். ஆனால் முழு நிம்மதி வேண்டாம். புதுப்பிப்புப் பணித் தகராறுகள் பல சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகக்கூடியவை. அங்கே நடப்பது உங்கள் தேடலில் வராது. எனவே நீதிமன்றப் பதிவை மட்டும் நம்பாமல் முன்பணத்தைக் குறைத்துப் பேசுங்கள், வேலை முடிய முடியப் பணம் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அப்படியும் ஏமாந்துவிட்டால், சிறு கோரிக்கையைப் பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கிடைத்ததைச் சரியாகப் படிப்பது

ஆவணம் கையில் கிடைத்தாலும் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் கதையே மாறிவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்போது இவற்றைக் கவனியுங்கள்.

குற்றஞ்சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு. குற்றச்சாட்டு என்பது அரசுத் தரப்பு சொல்வது. நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை அது நிரூபிக்கப்படவில்லை.

வழக்கிலிருந்து விடுவிக்கப்படுவதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் முழு விடுதலை, அதே குற்றச்சாட்டை மீண்டும் சுமத்த முடியாது. இன்னொன்றில் இப்போதைக்கு மட்டுமே விடுவிப்பு, பின்னர் அதே குற்றச்சாட்டு திரும்ப வரலாம். ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்தான் கூடுதலாக இருக்கும். அதைத் தவறவிட்டால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

தண்டனை விதிக்கும்போது கருத்தில் கொள்ளப்பட்ட குற்றச்சாட்டுகள் என்று ஒரு வரி அடிக்கடி வரும். அவற்றுக்குத் தனித் தண்டனை இல்லை. ஆனால் மொத்தத் தண்டனையை முடிவுசெய்யும்போது நீதிபதி அவற்றையும் கவனித்தார் என்று பொருள்.

சிவில் வழக்கில் தோற்றவர் குற்றவாளி அல்லர். கடனைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வந்தால் அது பணத் தகராறு. அவரைத் திருடன் என்று சொல்வதற்கு அது ஆதாரம் ஆகாது.

தீர்ப்பைப் படித்ததும் மேல்முறையீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். மாவட்ட நீதிமன்றம் சொன்னதை உயர் நீதிமன்றம் மாற்றியிருக்கலாம். பழைய தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் பாதிக் கதைதான்.

பதிவு அழிந்தாலும் இணையம் மறக்காது

நீதிமன்றப் பதிவும் காவல்துறையின் குற்றப் பதிவேடும் ஒன்றல்ல. குற்றப் பதிவேட்டைப் பொதுமக்கள் தேடிப் பார்க்க முடியாது.

சிறிய குற்றம் புரிந்து திருந்தியவர்களுக்கு ஒரு வாய்ப்பையும் சட்டம் தருகிறது. 3 மாதத்துக்கு மேற்படாத சிறைத்தண்டனையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர் தொடர்ந்து 5 ஆண்டு குற்றம் எதுவும் புரியாமல் இருந்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், அந்தப் பதிவு காலாவதியானதாகக் கருதப்படும். தமக்குக் குற்றப் பதிவு இல்லை என்று அவர் சொல்லலாம்.

ஆனால் பழைய செய்தியும் வெளிவந்த தீர்ப்பும் இணையத்தில் அப்படியே இருக்கும். 19 வயதில் செய்த தவற்றை 30 வயதில் யாரோ தேடி எடுத்து அலுவலகக் குழுவில் போட முடியும். சட்டம் மன்னித்த ஒன்றை நாம் விடாமல் துரத்துகிறோமா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. திருந்தி வாழும் உரிமை அவருக்கும் உண்டு.

பகிர்வதற்கு முன்...

பதிவு பொதுவானதாக இருந்தாலும் அதை வைத்து ஒருவரைத் துன்புறுத்தக் கூடாது. பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை இணையத்தில் வெளியிடுவது 2020 ஜனவரி 1ஆம் தேதி முதல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நீதிமன்றத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பதாக இருந்தால் கைப்பேசியை அமைதி நிலையில் வையுங்கள். அனுமதியின்றிப் படம் எடுப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் நீதிமன்ற அவமதிப்பாகலாம். "ஒரு ஸ்டோரிதானே" என்று நினைத்துச் சிக்கிக்கொள்ள வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் வழக்கின் முடிவைப் பாதிக்கக்கூடிய விதத்தில் இணையத்தில் எழுதுவதும் ஆபத்து.

நீதிமன்றத்தின் பெயரில் திடீரென அழைப்போ மின்னஞ்சலோ வந்து பணம் கேட்டால் உடனே அனுப்பாதீர்கள். அதில் இருக்கும் எண்ணை அழைக்காமல் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் இருக்கும் தொடர்பு எண்ணை நீங்களே தேடி அழைத்து வழக்கு எண்ணைச் சரிபாருங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 1799.

உதவி எங்கே கிடைக்கும்?

- சமூக நீதி நிலையம்: வழக்கறிஞர் இல்லாமல் வழக்கைச் சந்திப்போருக்கு வழிகாட்டும்.
- புரோ போனோ எஸ்ஜி: இலவசச் சட்ட ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யும்.
- சட்ட உதவிப் பிரிவு: வசதி குறைந்த சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிவில் வழக்குகளில் உதவும்.
- பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம்: வசதி குறைந்தவர்களுக்குக் குற்றவியல் வழக்குகளில் வாதாடும்.

ஆங்கிலம் தெரியாத உறவினர்மீது குற்றவியல் வழக்கு என்றால், விசாரணையின்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே நீதிமன்றத்திடம் சொல்லுங்கள். நீதிமன்ற அறைக்குள் உங்கள் அரைகுறை மொழிபெயர்ப்பை நம்பி அவர் பதில் சொல்லக் கூடாது. ஆவணத்தைத் தேடித் தருவதும், அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் விளக்குவதும் உங்கள் வேலை. சட்ட ஆலோசனை சொல்வது வழக்கறிஞரின் வேலை.

தேடத் தொடங்குமுன் ஒரு தாளில் மூன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: யாருடைய வழக்கு, எந்த நீதிமன்றம், எந்த ஆவணம். வழக்கு எண்ணும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.